பொங்கல் லீவில் பனிமலைக்கா? பர்ஸ் பத்திரம்!

ஒரே ஊர், நாலு நாள், ஒரு வாத்தியார்: குடும்பத்தோடு பனிச்சறுக்குப் போக கட்டுப்படியாகும் வழி

(நமது நிருபர்)

மார்கழிப் பனிக்கே மங்கி குல்லா தேடும் ஊர் நம்ம சென்னை. இந்த ஊர் வீடுகளிலும் இப்போது ஒரு புது ஆசை கிளம்பி இருக்கிறது. பனிமலைக்குப் போய் பார்த்துவிட்டு மட்டும் வருவதில்லை; காலில் பலகை கட்டி சறுக்க வேண்டும்!

"ஏங்க, ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் எத்தனை தடவைதான் பார்க்கிறது?" என்று வீட்டுக்காரம்மா ஆரம்பிப்பார். பிள்ளைகள் செல்போனில் பனிச்சறுக்கு வீடியோவைக் காட்டி "அப்பா, ப்ளீஸ்" என்பார்கள். அப்பாவுக்கு மட்டும் வயிற்றைக் கலக்கும்.

கலங்க வேண்டாம். இதற்காக சுவிட்சர்லாந்து போக வேண்டியதில்லை. நம்ம நாட்டிலேயே இடம் இருக்கிறது. குமாஸ்தா சம்பளத்தில், ஒரு வருஷம் சீட்டுக் கட்டி சேர்த்தால் போய் வர முடியும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வருஷம் பூரா சேர்த்த பணம் ரயிலில் கரைவதில்லை. மலையில் போய் இறங்கிய முதல் 2 மணி நேரத்தில்தான் கரைகிறது. கரைப்பது பனி அல்ல, ஆட்கள்!

எங்கே போகலாம்?

பனிச்சறுக்குக்குப் பெயர் போன இடங்கள் முக்கியமாக 3.

மணாலி பக்கத்தில் சோலாங். இமாசலப் பிரதேசத்தில் இருக்கிறது. டெல்லி காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் ராத்திரி பஸ் ஏறினால் மறுநாள் மணாலி. அங்கிருந்து சோலாங் 13 கிலோ மீட்டர்தான். லீவு குறைவாக உள்ளவர்களுக்கு இதுதான் சுலபம். ஆனால் கூட்டமும் இங்கேதான் அதிகம்.

அவுலி. உத்தரகாண்டில் ஜோஷிமட்டுக்கு மேலே. சரிவு அருமை. ஆனால் ரிஷிகேஷில் இருந்தே மலைப் பாதையில் ஒரு பகல் முழுக்கப் பயணம். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் பூமி புதைந்து வீடுகள் விரிசல் விட்டதே, அப்போது அவுலிக்குப் போகும் ரோப் கார் நிறுத்தப்பட்டது. ரோப் கார் டிக்கெட்டையும் சேர்த்து 'பேக்கேஜ்' பேசுகிறவர்களிடம் உஷார்.

குல்மார்க். காஷ்மீரில் ஸ்ரீநகரில் இருந்து சுமார் 50 கிலோ மீட்டர். மூன்றில் பெரியது இதுதான். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஏற்ற லேசான சரிவு ஊருக்குள்ளேயே இருக்கிறது.

குல்மார்க் என்றதும் "மூச்சு முட்டுமோ?" என்று பயப்பட வேண்டாம். ஊட்டி தொட்டபெட்டா உயரம் 2,637 மீட்டர். குல்மார்க்கும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஆனால் அங்கிருந்து கேபிள் காரில் இரண்டாம் கட்டம் ஏறினால் கிட்டத்தட்ட 3,950 மீட்டர். அது தொட்டபெட்டா மாதிரி ஒன்றரை மடங்கு! ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அங்கே ஏறக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 22-ந்தேதி பகல்காமில் நடந்த தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, படிப்படியாகத் திறக்கப்பட்டன. எனவே டிக்கெட் எடுக்கும் முன்பு ஒரு முறை, கிளம்பும் முன்பு ஒரு முறை நிலவரம் பார்ப்பது அவசியம்.

எப்போது போகலாம்?

இங்கேதான் நம்ம ஆளுங்க ஏமாறுவது. பள்ளிக்கூடப் பெரிய லீவு மே மாதம். ஆனால் மே மாதத்தில் சோலாங்கில் புல்தான் இருக்கும்! ரோதாங் கணவாயில் மிச்சம் கிடக்கும் அழுக்குப் பனியில் ஒருவர் பலகையை மாட்டிவிட்டு, 10 அடி இழுத்து, போட்டோ எடுத்துக் காசு வாங்கிக்கொள்வார். அது பனிச்சறுக்கு அல்ல.

காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாட்களை 'சில்லாய் கலான்' என்பார்கள். கடும் குளிர்காலம் என்று அர்த்தம். நம்ம பொங்கல் லீவு இதற்கு நட்டநடுவில் விழுகிறது. முன்னே பின்னே சில நாள் லீவு சேர்த்தால் கணக்கு சரி. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தைவிட அப்போது அறை வாடகையும் இறங்கி இருக்கும்.

ஆனால் பனி என்ன, ரேஷன் கடை சரக்கா, தேதி போட்டு வர? 2024 ஜனவரியில் பொங்கல் சமயத்தில் குல்மார்க் மலை பனியே இல்லாமல் மொட்டையாகக் கிடந்தது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டியே பனி இல்லாமல் அந்த வருஷம் பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப்போனது. 2025-லும் அதே கதை. பிப்ரவரியில் நடக்க வேண்டிய போட்டி மார்ச்சில் நடந்தது.

அரசாங்கப் போட்டிக்கே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்? அதனால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையைத்தான் பிடிக்க வேண்டும். "முழுப் பணமும் இப்பவே கட்டினால் பாதி விலை" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது வானிலை அறிக்கை பாருங்கள். பனி இல்லையா? போனா போகுது என்று ரயில் டிக்கெட்டை ரத்து செய்வதில் வரும் நஷ்டம், அங்கே போய் சேற்றைப் பார்த்துவிட்டு வரும் நஷ்டத்தைவிடக் குறைவு.

ரயிலா, விமானமா?

சென்னை சென்ட்ரலில் ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் சுமார் 33 மணி நேரத்தில் டெல்லி. ஸ்லீப்பர் கட்டணம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான். 5 வயது ஆகாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 11 வயது வரை, படுக்கை வேண்டும் என்றால் முழு டிக்கெட். வேண்டாம் என்றால் அரை டிக்கெட்.

முன்பு 120 நாள் முன்னதாக ரிசர்வ் செய்யலாம். 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகக் குறைந்துவிட்டது. பொங்கலுக்கு என்றால் நவம்பர் நடுவிலேயே காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

காஷ்மீருக்கு இப்போது ரயிலிலேயே போகலாம். 2025 ஜூன் முதல் கட்ராவில் இருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. சுமார் 3 மணி நேரம். பனி கொட்டி நெடுஞ்சாலை அடைபட்டு ஜம்முவில் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும் அவஸ்தை மிச்சம். டெல்லியில் இருந்து கட்ராவுக்கு ராத்திரி ரயில் இருக்கிறது. ஆக, போக 3 நாள், வர 3 நாள், பனியில் 4 நாள். மொத்தம் 10 நாள் லீவு வேண்டும்.

மத்திய அரசு ஊழியர்கள் கவனிக்க: எல்.டி.சி. சலுகையில், சொந்த ஊருக்குப் போவதற்குப் பதிலாக ஜம்மு-காஷ்மீருக்குப் போகலாம். விமானத்தில் போகத் தகுதி இல்லாத கிரேடு ஊழியர்கள்கூட டெல்லியில் இருந்து அங்கே சாதாரண வகுப்பு விமானத்தில் போகலாம். இந்தச் சலுகை 2024-ல் மேலும் 2 வருஷத்துக்கு, அதாவது 2026 செப்டம்பர் 25 வரை நீட்டிக்கப்பட்டது. கிளம்பும் முன்பு ஆபீசில் இப்போதைய உத்தரவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு அனுமதித்த ஏஜென்சியில் எடுத்த விமான டிக்கெட்டுக்குத்தான் பணம் கிடைக்கும்.

பணம் எங்கே போகிறது?

குல்மார்க்குக்கு 13 கிலோ மீட்டர் கீழே தங்மார்க் என்று ஒரு ஊர். பனி பெய்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியும், நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்பும்தான் அங்கிருந்து மேலே போகும். வண்டியை விட்டு இறங்கியதும் சூழ்ந்துகொள்வார்கள்.

"சார், கோட்டு இல்லாம மேலே விடமாட்டாங்க."

"சார், ஸ்லெட்ஜ்ல உட்காருங்க, அதான் டிக்கெட் கவுண்ட்டருக்கு வழி."

"சார், கேபிள் கார் டிக்கெட் தீர்ந்துபோச்சு, என்கிட்டே இருக்கு."

மூன்றையும் நம்பாதீர்கள். சொந்த கம்பளிக் கோட்டும், தண்ணீர் புகாத பூட்சும் இருந்தால் வாடகைக்கு எடுக்கும் கட்டாயம் இல்லை. கவுண்ட்டருக்கு நடந்தே போகலாம். கேபிள் கார் டிக்கெட்டை ஜம்மு-காஷ்மீர் கேபிள் கார் கார்ப்பரேஷனின் இணையதளத்தில் வீட்டில் இருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான சங்கதி: கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு முதல் 3 நாள் கேபிள் காரே தேவை இல்லை! ஊருக்குள் இருக்கும் சரிவே போதும். அந்தப் பணத்தை வாத்தியாருக்குக் கொடுங்கள்.

அறை எடுப்பதிலும் சூது இருக்கிறது. ஓட்டல் பெயரில் போலி இணையதளம், போலி செல்போன் நம்பர் போட்டு 'அட்வான்ஸ்' வாங்கி ஏமாற்றும் கும்பல்கள் உண்டு. பணம் அனுப்பும் முன்பு மாநில சுற்றுலாத் துறையிடம் ஓட்டலின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு சும்மா இருக்காதீர்கள். உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

இன்னொரு கஷ்டம். நம்ம ஊர் பிரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுதான் எடுக்கும். குடும்பத்தில் ஒருவராவது முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் போனில் பணம் செலுத்தவும் முடியாது, வீட்டுக்குப் பேசவும் முடியாது. கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

வாடகைப் பலகை: 5 உஷார்

1. வாடகை மணிக்கா, நாளுக்கா? பலகை, பூட்ஸ், கைக்கம்பு மூன்றும் சேர்த்தா? ஹெல்மெட் உண்டா? வாங்கும் முன்பே தாளில் எழுதி வாங்குங்கள்.

2. பலகையில் ஏற்கனவே உள்ள கீறலை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும்போது "நீதான் உடைச்சே" என்ற பேச்சு வராது.

3. ஆதார் ஒரிஜினலை அடமானமாகக் கொடுக்காதீர்கள்.

4. உங்கள் எடையை உண்மையாகச் சொல்லுங்கள். விழும்போது பூட்ஸ் பலகையை விட்டுக் கழன்றுகொள்ள வேண்டும். அந்தப் பூட்டை எடை பார்த்துத்தான் முடுக்குவார்கள். கூச்சப்பட்டு எடையை மாற்றிச் சொன்னால் கால் முறியும்!

5. ஜீன்ஸ் பேண்ட் ஆகவே ஆகாது. பருத்தி ஈரத்தை உறிஞ்சி உடம்போடு ஒட்டி நடுக்கம் கொடுக்கும். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே தண்ணீர் புகாத கோட்டு. டெல்லி காஷ்மீரி கேட் பஸ் நிலையம் அருகே திபெத்தியர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கலாம். கறுப்புக் கண்ணாடி பந்தாவுக்கு அல்ல. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பொசுக்கிவிடும்.

நாலு நாளில் என்ன வரும்?

முதல் நாள் பூட்சோடு நடப்பது, விழுவது, எழுவது. விழும்போது பக்கவாட்டில் விழ வேண்டும். இரண்டாம் நாள் நிறுத்தக் கற்பது. முன் நுனிகளை நெருக்கி, குதிகாலை அகட்டினால் பலகை 'ஏ' எழுத்தைக் கவிழ்த்த மாதிரி அல்ல, கூரை முகடு மாதிரி நிற்கும். வேகம் தானாகக் குறையும். எல்லா வித்தைக்கும் இதுதான் அரிச்சுவடி. மூன்றாம் நாள் திரும்பப் பழகுவது. நாலாம் நாள் இழுவைக் கயிற்றைப் பிடித்து மேலே போய், கீழே வரை தானாகவே வந்துவிடலாம். பிள்ளைகள் அப்பாவை முந்திவிடுவார்கள்!

ஆகவே, 'ஏழு நாளில் பத்து இடம்' என்ற பேக்கேஜ் இதற்கு உதவாது. ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் கோட்டுக்கும் ஸ்லெட்ஜுக்கும் காசு கொடுப்பீர்கள், வித்தை வராது. 4 பேரும் சேர்ந்து ஒரே வாத்தியாரைப் பேசினால் ஆளுக்குச் செலவு கால்பாகம். சுற்றுலாத் துறையில் பதிவு செய்த அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்லூரி வயதுப் பிள்ளைகள் என்றால் அரசு பயிற்சியே இருக்கிறது. குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனம், மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்றப் பயிற்சி நிறுவனம், அவுலியில் கட்வால் மண்டல் விகாஸ் நிகாம் ஆகியவை பயிற்சி முகாம் நடத்துகின்றன. தனியாரிடம் பேசும் முன்பு இவற்றின் கட்டணத்தை விசாரிப்பது புத்திசாலித்தனம்.

கயிற்றைத் தாண்டினால் ஆபத்து!

குல்மார்க் உச்சியில், பாதுகாப்புள்ள சறுக்குப் பாதைக்கு வெளியே போனவர்கள் பனிச்சரிவில் சிக்கி இறந்திருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டுக்காரர்கள் 2 பேர். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். அவர்கள் எல்லாம் பழகிய கைகள். நேற்று பலகை மாட்டிய நாம் "செல்பி எடுக்கத்தான்" என்று கயிற்றைத் தாண்டுவது தற்கொலைக்குச் சமம்.

பட்ஜெட் போடும்போது கடைசி வரியில் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை 'டாக்டர், வண்டி, கூடுதலாக ஒரு நாள் அறை' என்று எழுதித் தனிக் கவரில் வையுங்கள். பனி பெய்து பாதை அடைபட்டால் அந்தக் கவர்தான் காப்பாற்றும். அடைபடாவிட்டால்? வரும் வழியில் டெல்லியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர்!

சறுக்குவது பனியில் இருக்கட்டும். பட்ஜெட்டில் வேண்டாம்!