ஆடுகளத்தில் ஒலிக்கும் நாட்டுப்பண்

புனே நகருக்கு வெளியே, மும்பை செல்லும் விரைவுச்சாலையை ஒட்டிக் கஹுஞ்சே என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கிரிக்கெட் அரங்கில் 2023ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் உலகக் கோப்பைப் போட்டி ஒன்று நடைபெற்றது. அதில் இந்தியாவும் வங்கதேசமும் மோதின. முதல் பந்து வீசப்படுவதற்கு முன், இரு அணி வீரர்களும் களத்தில் வரிசையாக நின்றனர். இரு நாடுகளின் பண்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. அவ்விரண்டையும் இயற்றியவர் ஒருவரே. அவர் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர்.

ஒரு கவிஞர், இரு நாடுகள்

1905ஆம் ஆண்டில் ஆங்கில அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. அப்போது தாகூர் தம் தாய்மண்ணைப் போற்றி ஒரு பாடல் இயற்றினார். 1971இல் வங்கதேசம் தனிநாடான பின், அப்பாடலின் முதல் பத்து அடிகள் அந்நாட்டின் பண்ணாயின.

நம் நாட்டுப்பண் 1911ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் கல்கத்தாவில் நடந்த காங்கிரசு மாநாட்டில் முதன்முதலாகப் பாடப்பட்டது. 1919இல் தாகூர் மதனப்பள்ளி என்னும் ஊரில் சில நாள் தங்கி, அப்பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1950ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள், ஐந்து பத்திகள் கொண்ட அப்பாடலின் முதற்பத்தி இந்தியாவின் நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது. அதனை முழுமையாகப் பாட ஏறத்தாழ 52 நொடிகள் ஆகும்.

வழக்கம் தோன்றிய வரலாறு

போட்டிக்கு முன் நாட்டுப்பாடல் பாடும் வழக்கம் எங்கே தோன்றியது? 1905ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், கார்டிஃப் நகரில் வேல்ஸ் அணியும் நியூசிலாந்து அணியும் ரக்பி ஆடின. நியூசிலாந்து வீரர்கள் முதலில் மாவோரி மக்களின் 'ஹாக்கா' ஆடினர். அதற்கு மறுமொழியாக வேல்ஸ் வீரர்கள் தம் தாய்மொழிப் பாடலைத் தொடங்கினர். கூடியிருந்த மக்களும் உடன் சேர்ந்து பாடினர். போட்டிக்கு முன் நாட்டுப்பாடல் பாடப்பட்ட முதல் நிகழ்வாக இதனையே பலரும் குறிப்பிடுவர். வேல்ஸ் தனியரசு நாடு இல்லை. பிரிட்டனின் ஒரு பகுதியே. ஆயினும் தமக்கென ஒரு மொழியும் பாட்டும் உண்டு என்பதை அம்மக்கள் அன்று உலகறியச் செய்தனர்.

வென்றவருக்கு மட்டும்

ஒலிம்பிக்கில் பண் ஒலிக்கும் முறை வேறு. அங்குப் போட்டி முடிந்த பின்னரே பண் ஒலிக்கும். பதக்கம் வென்ற மூவரின் நாட்டுக் கொடிகளும் மேலேறும். ஆனால் தங்கம் வென்றவரின் நாட்டுப்பண் மட்டுமே ஒலிக்கும். 1952இல் ஹெல்சிங்கியில் மராட்டிய மல்லர் கஷாபா ஜாதவ் வெண்கலம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அதுவே.

வளைகோல்பந்தில் (ஹாக்கி) 1928, 1932, 1936 ஆகிய ஆண்டுகளில் இந்திய அணி தங்கம் வென்றது. ஆனால் அப்போது நாடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. நமக்கெனக் கொடியோ பண்ணோ அங்கு இல்லை. 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் இந்நிலை மாறியது. இலண்டன் வெம்பிளி அரங்கில், நம்மை ஆண்ட பிரிட்டனையே 4-0 என்னும் கணக்கில் இந்திய அணி வென்றது. ஆங்கிலேயர் மண்ணிலேயே மூவண்ணக் கொடி உயர ஏறியது.

2016இல் இரியோ மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில், சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். அதே போட்டியில் வெண்கலம் வென்ற வருண் சிங் பாட்டியும் இந்தியரே. ஆகவே அன்று நம் கொடிகள் இரண்டு ஏறின.

நாம் செய்ய வேண்டுவன

நாட்டுப்பண் ஒலிக்கும்போது அசையாமல் நிமிர்ந்து நிற்றல் வேண்டும். உண்பதையும் பேசுவதையும் நிறுத்துதல் வேண்டும். எதிரணியின் பண்ணுக்கும் இதே மதிப்பை அளித்தல் வேண்டும். அவர்களும் தம் மண்ணையே பாடுகின்றனர்.

புனேயில் வாழும் தமிழ்ச் சிறுவரிடம், "நீ எந்த ஊர்?" என்று பிறர் கேட்பதுண்டு. பிறந்தது ஓரிடமும் பெற்றோர் ஊர் வேறிடமும் ஆனவர்க்கு இதற்கு விடை கூறுதல் எளிதன்று. நம் நாட்டுப்பண் நிலங்கள் பலவற்றைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அவ்வரிசையில் மராட்டத்தை அடுத்து உடனே வருவது திராவிடம். இவ்விரண்டும் தமக்கு உரியன என்று அச்சிறுவர் தயங்காமல் கூறலாம்.

சொற்பொருள்

பண் – இசையோடு கூடிய பாட்டு
மல்லர் – மற்போர் செய்பவர்
மறுமொழி – பதில்
மாகாணம் – ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து ஆட்சிப்பகுதி

வினாக்கள்

1. கஹுஞ்சே அரங்கில் ஒலித்த இரு பண்களுக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. போட்டிக்கு முன் ஒலிக்கும் பண்ணுக்கும் ஒலிம்பிக்கில் ஒலிக்கும் பண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. 1948ஆம் ஆண்டு வெற்றி முந்தைய மூன்று வெற்றிகளினின்றும் எவ்வாறு வேறுபட்டது?
4. எதிரணியின் பண்ணுக்கும் நாம் எழுந்து நிற்பது ஏன்? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.