கண்ணாடி அடுப்பில் பாகு பொங்கினால்

அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சிக்கொண்டிருக்கிறீர்கள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டு வருவதற்குள் பாகு பொங்கி, அடுப்பின் கண்ணாடிமீது வழிந்துவிட்டது. கேஸ் அடுப்பு என்றால் அணைத்துவிட்டு, கண்ணாடி ஆறும்வரை அதைத் தொடக்கூடாது. மின்சாரத்தில் எரியும் இன்ஃப்ராரெட் அடுப்பு என்றால் ஆறவே விடக்கூடாது. சூடு இருக்கும்போதே சுரண்டி எடுத்துவிட வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்புக் கண்ணாடிதான், ஆனால் பராமரிப்பு நேரெதிர். கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதுதான் விஷயம்.

கேஸ் அடுப்பின் மேல்தட்டு, டஃபன்ட் கிளாஸ் எனப்படும் கடினமாக்கிய கண்ணாடி. ஜன்னலில் இருக்கும் அதே சாதாரணக் கண்ணாடியை அளவாக வெட்டி, பர்னருக்குத் துளையிட்டு, விளிம்பைத் தேய்த்து முடித்தபின் சுமார் 620 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குவார்கள். உடனே இரு பக்கமும் குளிர்காற்றை வேகமாக அடிப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பகுதி பின்னால் மெதுவாக ஆறிச் சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட மேற்பரப்பையும் சேர்த்து உள்ளே இழுக்கும். இதனால் மேற்பரப்பு நிரந்தரமான அமுக்கத்திலும் நடுப்பகுதி நிரந்தரமான இழுப்பிலும் இருக்கும். கண்ணாடி உடைய வேண்டுமானால் மேலே ஒரு கீறல் வாய் பிளக்க வேண்டும். அமுக்கம் அந்த வாயை மூடியே வைத்திருக்கிறது. சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமை இதற்கு இப்படித்தான் வருகிறது. அமுக்கம் உள்ள அடுக்கு ஒவ்வொரு பக்கமும் மொத்தத் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குதான். கீறல் அதைத் தாண்டி நடுப்பகுதியைத் தொட்டுவிட்டால், அடைபட்டிருந்த விசை முழுவதும் ஒரே நொடியில் வெளியேறித் தட்டு முழுக்கப் பொடிப்பொடியாகச் சிதறும்.

'யாரும் தொடவே இல்லை, தானாக வெடித்துவிட்டது' என்று சொல்பவர்களைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கண்ணாடி உருக்கும்போது நிக்கல் சல்பைடின் நுண்துகள் ஒன்று உள்ளே சிக்கிக்கொள்வது உண்டு. அதிக வெப்பத்தில் அதற்கு ஒரு படிக அமைப்பு, அறை வெப்பத்தில் வேறொன்று. வேகமாகக் குளிர்விக்கும்போது பழைய அமைப்பிலேயே உறைந்துபோகிறது. பிறகு மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ மெல்ல மாறி, மாறும்போது கொஞ்சம் பருக்கிறது. இழுப்பில் இருக்கும் நடுப்பகுதியில் அந்தப் பருமன் போதும், தட்டு வெடித்துவிடும். இதற்கு வீட்டில் யாரும் எதுவும் செய்ய முடியாது.

ஆனால் நம் கையில் இருக்கும் காரணங்களும் உண்டு. முக்கியமானது பர்னர் மூடி. கழுவிவிட்டுத் திரும்ப வைக்கும்போது சற்றுக் கோணலாக உட்கார்ந்தால், தீ நேராக மேலே போகாமல் பக்கவாட்டில் கசிந்து கண்ணாடியை நக்கும். அடுத்தது அகலமான பாத்திரம். பெரிய இரும்புத் தோசைக்கல்லைச் சிறிய பர்னரில் ஏற்றி அரைமணி நேரம் தோசை வார்த்தால், கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெப்பம் சிக்கி, தட்டின் அந்த ஒரு பகுதி மட்டும் கடுமையாகச் சூடேறும். இந்தக் கண்ணாடி ஏறக்குறைய 200 டிகிரி வெப்ப வேறுபாட்டைத் தாங்கும். ஏற்கெனவே கீறல் விழுந்த தட்டில் அந்த நம்பிக்கை வைக்க முடியாது. சூடான கண்ணாடியில் குளிர்ந்த ஈரத்துணியைப் போட்டால் தொட்ட இடம் மட்டும் சட்டென்று சுருங்கப் பார்க்கும். பொங்கியதைப் பார்த்தவுடன் கைக்கு முதலில் வருவது ஈரத்துணிதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆறட்டும். பாகு கல்லாக இறுகினாலும் பரவாயில்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைக் கால்மணி நேரம் போட்டு வைத்தால் கரைந்து வந்துவிடும். இறக்கிய குக்கரையும் நேராகக் கண்ணாடிமீது வைக்காமல் பக்கத்து மேடையில் வைப்பது நல்லது.

இண்டக்ஷன், இன்ஃப்ராரெட் அடுப்புகளில் இருப்பது கண்ணாடிப் பீங்கான். இது பிறந்ததே ஓர் உலைக் கோளாறால். 1950-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கார்னிங் நிறுவன ஆய்வகத்தில் டொனால்ட் ஸ்டூக்கி ஒளியுணர் கண்ணாடித் துண்டு ஒன்றை 600 டிகிரிக்குச் சூடாக்க உலையில் வைத்தார். உலையின் கட்டுப்பாடு பழுதாகி வெப்பம் 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. கண்ணாடி உருகி உலையே பாழாகியிருக்கும் என்று திறந்தவர், உருகாமல் வெள்ளையாக மாறிய துண்டைக் கண்டார். இடுக்கியால் எடுக்கும்போது அது நழுவித் தரையில் விழுந்தது. உடையவில்லை. கண்ணாடிக்குள் கோடிக்கணக்கான நுண்படிகங்கள் முளைத்திருந்தன. 1958-இல் அந்த வகைப் பொருளில் செய்த சமையல் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் அடுப்புத் தட்டுக்கான கண்ணாடிப் பீங்கானை 1971-இல் அறிமுகப்படுத்தியது.

அடுப்புத் தட்டில் இருப்பது லித்தியம், அலுமினியம், சிலிக்கான் ஆக்சைடுகளின் கலவை. படிகம் முளைக்க வித்தாக டைட்டானியம், சிர்கோனியம் ஆக்சைடுகளைச் சிறிதளவு சேர்ப்பார்கள். ஒவ்வொரு படிகமும் சுமார் 50 நானோமீட்டர். 20,000 படிகங்களை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். ஒளியின் அலைநீளத்தைவிட இவ்வளவு சிறியவை என்பதால் தட்டு மங்குவதில்லை. கறுப்பு நிறம் வனேடியம் போன்ற ஆக்சைடுகளைச் சேர்ப்பதால் வருவது. இந்தப் படிகங்களின் விசேஷம், சூடாக்கினால் இவை சுருங்கும். சுற்றியிருக்கும் கண்ணாடி விரியும். ஒன்றின் சுருக்கமும் இன்னொன்றின் விரிவும் ஏறக்குறையச் சரிக்குச் சரியாகிவிடும். ஒரு மீட்டர் சாதாரணக் கண்ணாடி 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும், இது 0.02 மில்லிமீட்டர்கூட நீளாது. அதனால்தான் சூட்டின்மீது குளிர்ந்த நீர் பட்டாலும் விரிசல் விடுவதில்லை. சிலியில் உள்ள 'மிகப் பெரிய தொலைநோக்கி' எனப்படும் அமைப்பின் 8.2 மீட்டர் ஆடிகள் இதே குடும்பத்துப் பொருளால் ஆனவை. இரவு குளிரக் குளிர வடிவம் மாறாத பொருள்தான் விண்மீனைப் பார்ப்பவர்களுக்கும் வேண்டும்.

பாகு விஷயத்தில் இந்தப் பெருமையே எதிரியாகிறது. இன்ஃப்ராரெட் அடுப்பின் சூடான வட்டத்தில் விழும் சர்க்கரை உருகிப் பரப்போடு இறுக ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது அது சுருங்க வேண்டும், ஆனால் அடியில் இருக்கும் தட்டு சுருங்குவதே இல்லை. விடாமல் பற்றிக்கொண்டு சுருங்கும் சர்க்கரை, கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்தே சிறுசிறு சில்லுகளைப் பெயர்த்துக்கொண்டு வரும். கிளிஞ்சல் வடிவக் குழிகள் விழும். அவற்றை எந்தக் களிம்பாலும் சரிசெய்ய முடியாது. உருகி விழுந்த பிளாஸ்டிக் பையும் அலுமினியத் தாளும் இப்படித்தான். எனவே அடுப்பை அணைத்து, பாத்திரத்தை எடுத்துவிட்டு, கைக்கு நல்ல உறை மாட்டி, நீண்ட பிடியுள்ள பிளேடு சுரண்டியால் பாகைச் சூடான வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். மீதத்தைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம். இண்டக்ஷனில் தட்டு தானாகச் சூடாவதில்லை, பாத்திரத்தின் சூடு மட்டும்தான் இறங்குகிறது என்பதால் ஆபத்து குறைவு. பாகு பாத்திரத்துக்கு அடியில் ஓடிவிட்டால் அங்கும் உடனே எடுக்க வேண்டும்.

தினசரி அழுக்குக்கு வருவோம். அடுப்பைச் சுற்றிப் படியும் மஞ்சள் பிசுக்கு, தெறித்த எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் இறுகிப் பிசினானது. சூரியகாந்தி எண்ணெயில் பொரித்தால் இது அதிகம். தேங்காயெண்ணெய் அவ்வளவாக இறுகாது. வெந்நீரில் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவிப் பத்து நிமிடம் விட்டால் இளகும். சோடா கண்ணாடியைவிட மிக மென்மையானது, கீறாது. வெள்ளைத் திட்டுகள் போர் தண்ணீரின் சுண்ணாம்பு. எலுமிச்சைச் சாறோ வினிகரோ அதைக் கரைக்கும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து நுரைக்க வைப்பதைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். நுரை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு மிஞ்சுவது உப்பு கலந்த தண்ணீர். பிசுக்குக்குச் சோடா, சுண்ணாம்புக்கு எலுமிச்சை என்று தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். காஸ்டிக் சோடா கலந்த கடுமையான திரவங்கள் கண்ணாடியையே அரிக்கும், அவை வேண்டாம்.

கீறல் என்று நினைத்துக் கவலைப்படும் சாம்பல் நிறக் கோடுகள் பல நேரம் கீறலே அல்ல. அலுமினியப் பாத்திரத்தை இழுக்கும்போது கண்ணாடிமீது உலோகம் தேய்ந்து ஒட்டியிருக்கும். நகத்தால் குறுக்கே தடவிப் பாருங்கள்: நகம் இடறாவிட்டால் உலோகக் கறைதான், எலுமிச்சையும் சோடாக் குழைவும் மாறி மாறிப் போட்டால் போய்விடும். இடறினால் உண்மையான கீறல். அதற்குப் பெரும்பாலும் காரணம் மணல். கண்ணாடியின் கடினம் மோஸ் அளவுகோலில் 6-ஐ ஒட்டியது, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. தரையில் வைத்த பாத்திரத்தின் அடியில் ஒட்டிவரும் ஒரு மணல்துகள் போதும். பாத்திரம் துலக்கும் பொடியிலும் சாம்பலிலும் இந்தக் கடினத் துகள் இருக்கிறது, அவற்றைக் கண்ணாடிப் பக்கமே கொண்டுவராதீர்கள். கம்பி ஸ்க்ரப்பரும் வேண்டாம். மென்மையான துணியே போதும். இரண்டாம் முறை உலர்ந்த துணியால் துடைத்தால் தண்ணீர்த் தடம் இருக்காது. பாத்திரத்தை இழுக்காமல் தூக்கி வைப்பது எல்லாக் களிம்புகளையும்விடப் பலன் தரும். பிளேடு சுரண்டியைக் கண்ணாடிப் பீங்கானில் மட்டும் சாய்த்துப் பிடித்துப் பயன்படுத்தலாம்; கேஸ் அடுப்பில் தவிர்த்துவிடுங்கள்.

இண்டக்ஷன் அடுப்பில் சுத்தம் வெறும் பளபளப்புக்காக அல்ல. தட்டின் நடுவில், அடிப்பக்கத்தை ஒட்டி ஒரு வெப்ப உணரி இருக்கிறது. கண்ணாடி வழியாகத்தான் அது பாத்திரத்தின் சூட்டை அறிகிறது. நடுவில் கருகிய படலம் இருந்தால் அந்த அளவீடு தப்பும். பின்பக்கமோ அடியிலோ உள்ள காற்று வழியையும் கவனிக்க வேண்டும். மாவுத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்தால் விசிறி காற்றிழுக்க முடியாமல் அடுப்பு பாதியில் நின்றுபோகும். உள்ளே கரப்பான் குடியேறுவதும் அந்த வழியாகத்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள்.

மின் அடுப்பின் தட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சமையல் தண்ணீர் அந்த வழியே உள்ளே இறங்கி மின் இணைப்பைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. டேப் ஒட்டிச் சமாளிக்கக் கூடாது, தட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். கேஸ் அடுப்பின் கண்ணாடி விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தாலும் அப்படியே: முதலில் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டு, பிறகு பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.