நீராவியும் வெப்பக் கணக்கும்



ஒரு பொருளைச் சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும்? நிறை, தன்வெப்பம், வெப்பநிலை உயர்வு ஆகிய மூன்றையும் பெருக்கினால் விடை கிடைக்கும் என்று பள்ளியிலே கற்றோம். தண்ணீருக்கு இம்முறை நன்றாகவே பொருந்துகின்றது. நீராவிக்கும் பொருந்துமா?

19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ரெனோ, வளிமண்டல அழுத்தத்தில் நீராவியின் தன்வெப்பத்தை அளந்தார். ஒரு கிலோகிராம் நீராவியை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 2 கிலோஜூல் வேண்டும் எனக் கண்டார். பொறியியலார் நெடுங்காலம் அவ்வெண்ணையே எல்லா அழுத்தங்களுக்கும் கையாண்டனர். அது சரிதானா என்பதை நீராவி அட்டவணையைக் கொண்டு ஆராய்வோம்.

அவ்வட்டவணையில் ஒவ்வோர் அழுத்தத்திற்கும் வெப்பநிலைக்கும் நேராக, ஒரு கிலோகிராம் நீராவியின் வெப்ப அடக்கம் குறிக்கப்பட்டிருக்கும். இதனை ‘என்தால்பி’ என்றும் கூறுவர். அழுத்தம் மாறாதிருக்கச் சூடேற்றினால், இறுதி எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழிப்பதே கணக்கு. மீதம் நிற்பது நாம் தரவேண்டிய வெப்பம்.

வளிமண்டல அழுத்தத்தை ஒட்டிய 1 பார் அழுத்தத்தில், 200 டிகிரி செல்சியஸில் வெப்ப அடக்கம் 2875 கிலோஜூல். 300 டிகிரியில் 3074. வேறுபாடு 199. ரெனோவின் எண் இங்கே பொருந்திவிட்டது! இனி 10 பார் அழுத்தத்தைப் பாருங்கள். அதே இரு வெப்பநிலைகளுக்கு 2828, 3051 என்று காண்கிறோம். வேறுபாடு 223. நூறு பாரில் நிலைமை இன்னும் கடுமை. 350 டிகிரியில் 2924, 400 டிகிரியில் 3097. ஐம்பதே டிகிரிக்கு 173 கிலோஜூல்!

இதன் காரணம் யாது? அழுத்தம் மிகும்போது நீராவியின் மூலக்கூறுகள் நெருங்கி நின்று ஒன்றையொன்று ஈர்க்கின்றன. கொடுக்கும் வெப்பத்தின் ஒரு பகுதி அவ்வீர்ப்பை எதிர்த்து அவற்றை விலக்குவதிலேயே செலவாகிறது. கொதிநிலையை நெருங்க நெருங்க இச்செலவு பெருகும்.

இவ்வேறுபாடு ஏட்டுக் கணக்கோடு நிற்பதன்று. நூறு பாரில் இயங்கும் கொதிகலனுக்கு, டிகிரிக்கு 2 கிலோஜூல் என்று கணக்கிட்டு, 350 டிகிரி நீராவிக்கு 100 கிலோஜூல் மட்டுமே தரும் சூடேற்றுக் குழாய்களை ஒருவர் அமைத்தால், அந்நீராவி 400 டிகிரியை எய்தாது; 380ஐக்கூட எட்டாது. அதை நம்பிய சுழலியின் ஆற்றலும் குறைந்துபோகும்.

நமக்கு வேண்டிய வெப்பநிலை அட்டவணையில் இல்லையெனில் என் செய்வது? 10 பாரில் 230 டிகிரி வேண்டுமென்க. 200க்கு 2828; 250க்கு 2943. இடைவெளி 115. அதில் ஐந்தில் மூன்று பங்கு 69. கூட்டினால் 2897. நடைமுறைக்கு இது போதும்.

இவ்வெண்கள் எளிதில் கிடைத்தவையல்ல. நாட்டுக்கு நாடு வேறுபட்ட அட்டவணைகளை ஒருமைப்படுத்த 1929ஆம் ஆண்டில் லண்டனில் அறிஞர்கள் கூடினர். 1997இல் கணிப்பொறிக்கு ஏற்ற பன்னாட்டுச் சூத்திரங்கள் வகுக்கப்பெற்றன. இன்று கணிப்பொறி நொடியில் விடை தரும். எனினும், எந்த அழுத்தம், எந்த வெப்பநிலை என்று முதலில் கேட்டறியும் பொறுப்பு நம்முடையதே. அவ்விரண்டையும் கேளாமல் நீராவிக்கு ஒரே எண்ணைப் பெருக்கிவிடாதீர்கள்.