நித்தியகல்யாணியின் நஞ்சு

டில்லித் தோட்டக்காரர்கள் ‘சதாபகார்’ என்று அழைக்கும் செடி நம் ஊர் நித்தியகல்யாணியேயாகும். ஆண்டு முழுவதும் பூப்பதால் இரு மொழியினரும் ஏறக்குறைய ஒரே பொருளில் அதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். சுடுகாட்டிலும் தானே முளைத்துப் பூப்பதைக் கண்டு, ‘சுடுகாட்டு மல்லி’ என்று ஒதுக்கி வைப்போரும் நம்மிடையே உண்டு. அதன் பிறப்பிடமோ மடகாஸ்கர் தீவு.

“அந்த இலையைச் சாறு பிழிந்து குடித்தால் புற்றுநோய் தீருமாமே, உன் படிப்பில் அப்படி இருக்கிறதா?” என்று ஊரிலிருந்து என் பெரியம்மா தொலைபேசியில் கேட்டார். பக்கத்து வீட்டு அம்மையார் ஒருவருக்காகக் கேட்ட கேள்வி அது. இதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. செடியில் மருந்து இருப்பது உண்மை. சாற்றைக் குடிக்கலாகாது என்பதும் உண்மை. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று பார்ப்போம்.

1952 ஆம் ஆண்டில் கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறையில் இந்த இலைகள் வந்தன. அங்கே நீரிழிவுக்கு அதைக் கஷாயமாகக் குடிப்பது வழக்கம். அவர் அவற்றை ஆராய்ச்சியாளரான தம் தம்பி ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் இரத்தத்திலுள்ள சர்க்கரை குறையவில்லை. ஆனால் இலைச்சாற்றை ஊசி மூலம் ஏற்றிய எலிகளோ சில நாட்களில் தொற்றுநோய் கண்டு இறந்தன. வேறொருவராயிருந்தால் ‘பயனில்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். நோபிள் எலிகள் இறந்த காரணத்தைத் தேடினார். இரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோயன்றோ இரத்தப் புற்றுநோய்! சார்லஸ் பீர் என்ற இரசாயன அறிஞருடன் சேர்ந்து அவர் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958 இல் உலகுக்கு அறிமுகமாயிற்று. அமெரிக்காவிலும் தனியே இச்செடியை ஆராய்ந்து வந்தனர்; அதன் இன்னொரு பொருளான வின்கிரிஸ்டின் 1963 இல் அங்கே மருந்தாக அனுமதி பெற்றது. வின்பிளாஸ்டினில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நீங்கி ஓர் ஆக்ஸிஜன் அணு சேர்ந்தால் வின்கிரிஸ்டின், வேறுபாடு அவ்வளவே.

இவை செய்யும் வேலை வியப்பானது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது தன் குரோமோசோம்களை இரு பங்காக்கி இரு முனைகளுக்கும் இழுத்துச் செல்லவேண்டும். இழுக்கும் கயிறுகள் மிக நுண்ணிய குழல்கள். டியூபுலின் என்னும் புரதத் துண்டுகளைக் கோத்துக் கட்டியவை. இம்மருந்துகள் அத்துண்டுகளைப் பற்றிக்கொண்டு குழலைக் கட்டவொட்டாமல் தடுக்கின்றன. பாகப்பிரிவினை முடியாத உயிரணு பாதி வழியில் நின்று மடிகிறது. ஓயாமல் பிரிவது புற்றணுவின் இயல்பாகையால் அடி அதற்கே பலமாக விழுகிறது.

ஆனால் நஞ்சுக்கு நண்பன் பகைவன் தெரியாது. எலும்பு மச்சையிலும் மயிர்க்கால்களிலும் நல்ல அணுக்கள் விரைந்து பிரிகின்றன, அவையும் அடிபடும். நரம்பணுக்கள் பிரிவதில்லை எனினும், நீண்ட நரம்பிழைகளுக்குள் சரக்குப் போகும் பாதை அதே நுண்குழல்தான். ஆகவே வின்கிரிஸ்டின் பெறுவோருக்குக் கைகால் மரத்துப்போவதுண்டு. வளர்ந்தவருக்கும் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பெரும்பாலும் தருவதில்லை. அதையும் இரத்தக் குழாயிலேதான் ஏற்றவேண்டும். தவறித் தண்டுவடத்தில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

இனி இலைச்சாற்றுக்கு வருவோம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்கு இன்னும் பன்மடங்கு. ஒரு குவளைச் சாற்றில் அது எவ்வளவு இருக்கும்? அந்தச் சிறு அளவும் வயிற்று வழியே சரிவர இரத்தத்தில் சேராது. மாறாக, இச்செடியிலுள்ள நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகளில் எது எவ்வளவு உள்ளே போகிறது என்று சாறு பிழிபவருக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய நஷ்டம் காலம். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் வகை ஒன்றில், வின்கிரிஸ்டினையும் வேறு பல மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்து, வசதி மிக்க நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகளைப் பிழைக்க வைக்கின்றனர். சாற்றை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தபின் மருத்துவமனைக்கு வருவோருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் உழவர்கள் நித்தியகல்யாணியைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் மருந்துத் தொழிலுக்கு விற்கின்றனர். 2022 இல் விஞ்ஞானிகள் இச்செடியின் மரபணுக்களை ஈஸ்டில் புகுத்தி, வின்பிளாஸ்டினின் இரு பாதிகளையும் அதன் மூலமே உண்டாக்கி, பின் இரசாயன முறையில் ஒட்டிக் காட்டினர். அம்முறை தொழிற்சாலை அளவுக்கு வளரும்வரை, நோயாளியின் ஊசிக்கு மருந்து வயற்காட்டிலிருந்துதான் வரவேண்டும்.