உங்களுக்குத் தெரியுமா? ஜாம்பிகளை உருவாக்கிய டி-வைரஸ்

★ ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1996 மார்ச் 22 அன்று ‘பயோஹசார்ட்’ என்ற திகில் கேமை வெளியிட்டது. அமெரிக்காவில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் கேமும் நியூயார்க்கில் ஓர் இசைக்குழுவும் இருந்ததால், அங்கே ‘ரெசிடென்ட் ஈவில்’ ஆனது. இயக்குநர் ஷின்ஜி மிகாமியின் குழு முதலில் யோசித்தது அமானுஷ்யக் கதையைத்தான். பிறகுதான் ஜாம்பி வந்தது. ஜாம்பிக்குக் காரணமாக ஒரு வைரஸும், அந்த வைரஸுக்குக் காரணமாக ஒரு மருந்துக் கம்பெனியும் வந்தன. தொடர் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு அந்த ஒரு முடிவே காரணம் என்பேன்.

★ டி-வைரஸ் என்ற அந்த வைரஸைத் தயாரித்த அம்ப்ரெல்லா என்ற மருந்துக் கம்பெனிக்கு ஜாம்பிகள் தேவையே இல்லை. அவர்கள் விற்க நினைத்தது ‘டைரண்ட்’ என்ற ராட்சதப் போர்வீரனை. வைரஸின் பெயரில் உள்ள ‘டி’ அவனைக் குறிப்பதுதான். புத்தி மழுங்கி, பசி மட்டும் மிஞ்சிய ஜாம்பிகள் அந்த ஆராய்ச்சியின் கழிவு.

★ டி-வைரஸுக்கு ஒரு தாய் வைரஸ் உண்டு. கதைப்படி 1966-ல் ஸ்பென்சர், மார்கஸ், எட்வர்ட் ஆஷ்ஃபோர்ட் என்ற மூவர் ஆப்பிரிக்காவில், அங்குள்ள பழங்குடிகள் போற்றிய ஒரு பூவில் அதைக் கண்டெடுக்கிறார்கள். 1968-ல் அம்ப்ரெல்லா தொடங்கப்படுகிறது. அந்தத் தாய் வைரஸுடன் அட்டைப்பூச்சியின் மரபணுவைக் கலந்து டி-வைரஸை உருவாக்கியவர் மார்கஸ். 1988-ல் ஸ்பென்சரின் உத்தரவின்படி அவரைத் தீர்த்துக் கட்டியவர்கள் அவருடைய மாணவர்களான வெஸ்கரும் பிர்கினும்.

★ கதையில் தாய் வைரஸ் கிடைத்த அதே 1966-ல், நிஜ உலகில் பேட்டன் ரௌஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. கோழிக்கு வரும் ஒருவகைப் புற்றுநோயை வைரஸ் பரப்புகிறது என்று அவர் கண்டறிந்தது 1911-ல். அங்கீகாரத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் காத்திருந்தார். செல்லுக்குள் புகுந்து அதன் போக்கையே மாற்றும் வைரஸ் வெறும் கற்பனை அல்ல என்பதற்கு அவர் கோழிகளே சாட்சி. ரெட்ரோவைரஸ் என்ற வகை வைரஸ்கள் தங்கள் மரபணுவை நம் டிஎன்ஏவிலேயே செருகிவிடுகின்றன. மனித மரபணுத் தொகுப்பில் ஏறக்குறைய 8 சதவீதம், நம் மூதாதையரைத் தொற்றிய இத்தகைய வைரஸ்களின் மிச்சம். அதில் ஒரு மிச்சம்தான் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி உருவாக இன்றும் உதவுகிறது. சின்சிட்டின் என்ற அந்தப் புரதம் இல்லாமல் நாம் யாரும் பிறந்திருக்க மாட்டோம். கேம் எழுதியவர்களின் கற்பனையைவிட இது எனக்குப் பெரிய வியப்பு.

★ கேமின் அறிவியல் எங்கே இடறுகிறது? டி-வைரஸ் மனிதன், டோபர்மேன் நாய், பாம்பு, சுறா, சிலந்தி, செடி என எதையும் விடுவதில்லை. நிஜ வைரஸ் ஒரு சாவி மாதிரி. தனக்குப் பொருந்தும் பூட்டுள்ள செல்லை மட்டுமே அதனால் திறக்க முடியும். கடியால் பரவி, மூளையைத் தாக்கி, வெறியூட்டும் ரேபிஸ்தான் ஜாம்பி நோய்க்கு மிக நெருக்கமான நிஜ நோய். அதுகூடப் பாலூட்டிகளைத் தாண்டுவதில்லை.

★ முதல் கேமில், கதை நடக்கும் பங்களாவின் ஊழியர் ஒருவரின் டைரி கிடைக்கும். ஆய்வுக்கூட மிருகங்களுக்குத் தீனி போடுபவர் அவர். 1998 மே மாதத் தொடக்கத்தில் நண்பர்களோடு சீட்டாடியதை எழுதுகிறார். இரண்டு நாளில், தூக்கத்திலிருந்து எழுப்பிப் பாதுகாப்பு உடை மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். பிறகு முதுகில் ஒரு வீக்கம், அரிப்பு. சொறிந்தால் சதை பிய்ந்து விழுகிறது. நாள் ஆக ஆக வாக்கியங்கள் குட்டையாகின்றன, எழுத்து தடுமாறுகிறது. கடைசிப் பதிவில் மிஞ்சுவது இரண்டே எண்ணங்கள்: அரிப்பும் ருசியும். படித்து முடித்ததும் அதே அறையின் அலமாரியிலிருந்து அவரே ஜாம்பியாக வெளியே வருவார். வைரஸ் ஒரு மனிதனைத் தின்பதை உள்ளிருந்தே காட்டியதில் இந்தச் சில பக்கங்களுக்கு ஈடாகத் தொடரில் வேறில்லை.

★ முதல் கேமுக்கு 2002-ல் வந்த மறு உருவாக்கத்தில் மிகாமி ஒரு புதுப் பயத்தைச் சேர்த்தார். சுட்டு வீழ்த்திய ஜாம்பியின் தலை சிதறாமலும் உடல் எரியாமலும் கிடந்தால், வைரஸ் உள்ளேயே வேலை செய்யும். கொஞ்ச நேரம் கழித்து அது சிவந்த தோலும் நீண்ட நகங்களுமாக எழுந்து ஓடிவரும். எரிக்க மண்ணெண்ணெய் வேண்டும். கையிலுள்ள குடுவையில் ஒரு தடவை நிரப்பினால் இரண்டு பிணங்களுக்குத்தான் காணும். எந்த நடைபாதைப் பிணத்தை எரிப்பது, எதை விட்டுவைப்பது என்ற கணக்கில்தான் வியர்த்துக் கொட்டும்.

★ அதே கேமில் லீசா டிரெவர் வருகிறாள். ஸ்பென்சரின் பங்களாவைக் கட்டிய கட்டடக் கலைஞர் ஜார்ஜ் டிரெவரின் மகள். 1967-ல், 14 வயதில், தாயோடு சேர்த்து அவளைப் பிடித்து வைத்துத் தாய் வைரஸைச் செலுத்துகிறார்கள். தாய் போய்விடுகிறாள், லீசா சாகவில்லை. சாகாததே அவளுக்குச் சாபமானது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, வந்த ஒவ்வொரு சோதனைப் பொருளும் அவள் உடம்பில் ஏற்றப்பட்டது. ‘நெமசிஸ்’ ஒட்டுண்ணியைச் செலுத்தியபோது அதையும் அவள் உடல் ஜீரணித்துக்கொண்டது. டி-வைரஸைவிடக் கொடிய ஜி-வைரஸை 1988-ல் பிர்கின் கண்டெடுத்தது அவள் உடம்பிலிருந்துதான். கைவிலங்கோடு, தாயைத் தேடி, பெண்களின் முகங்களைப் பிய்த்துத் தன் முகத்தில் அணிந்தபடி அவள் அலைகிறாள். அவளை அரக்கி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரக்கர்கள் அவளுக்கு ஊசி போட்டவர்கள்.

★ ரக்கூன் சிட்டி என்ற ஒரு லட்சம் பேர் வாழ்ந்த கற்பனை நகரத்தை அழித்தவை எலிகள். ஜி-வைரஸைப் பறிக்க வந்த அம்ப்ரெல்லாவின் ஆட்கள் பிர்கினைச் சுட்டுவிட, சாகும் தறுவாயில் அவர் அதைத் தனக்கே செலுத்திக்கொண்டு துரத்துகிறார். சாக்கடைக்குள் நடந்த அந்த வேட்டையில் டி-வைரஸ் குப்பிகள் உடைகின்றன. மீதியை எலிகள் பார்த்துக்கொள்கின்றன. 1998 அக்டோபர் 1 அதிகாலையில் அமெரிக்க அரசே ஏவுகணை வீசி ஊரைத் துடைத்தெறிகிறது.

★ எல்லா பாகங்களிலும் வைரஸ் இல்லை. நான்காம் பாகத்தில் (2005) ஒட்டுண்ணி, ஏழாம் பாகத்தில் (2017) பூஞ்சை.

★ ‘ரெவலேஷன்ஸ் 2’ (2015) கேமில் வரும் டி-ஃபோபோஸ் வைரஸ், தொற்றியவர் பயந்தால்தான் வேலையைக் காட்டும். பயத்தை விற்கும் ஒரு தொடருக்கு இதைவிடப் பொருத்தமான வைரஸ் அமையாது.

★ ஜாம்பிப் படங்களின் பிதாமகரான ஜார்ஜ் ரொமேரோ, இரண்டாம் பாகத்துக்காக ஜப்பானிய டிவி விளம்பரம் ஒன்றை இயக்கினார். சினிமாவுக்குத் திரைக்கதையும் எழுதிக் கொடுத்தார். அது ஏற்கப்படவில்லை. 2002-ல் பால் ஆண்டர்சன் இயக்கத்தில் மில்லா யோவோவிச் நடித்த படம்தான் வந்தது. அதன் வரிசையில் 2016 வரை ஆறு படங்கள்.

★ எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்கள் 2002 மறு உருவாக்கத்தையே ஆடுங்கள். அதன் மெருகேற்றிய பதிப்பு 2015 முதல் கம்ப்யூட்டரிலும் கிடைக்கிறது. வழியில் கிடைக்கும் டைரிகளையும் கடிதங்களையும் தாண்டிப் போகாமல் நின்று படியுங்கள். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு ஆடுங்கள். இது பெரியவர்களுக்கான கேம்.