ஸ்டாண்டை மடக்கிவிட்டுக் கட்டுங்கள்

வழியில் நின்றுபோன புல்லட்டைக் குட்டியானையில் ஏற்றியதும் முதலில் நடப்பது, டபுள் ஸ்டாண்டு போடுவது. அடுத்து, கையில் கிடைத்த கயிற்றை சீட்டின் மேல் குறுக்கே போட்டு இறுக்குவார்கள். வண்டி கல் மாதிரி அசையாமல் நிற்கும். சிக்கலே அதில்தான் இருக்கிறது.

டபுள் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை முன்னால் தள்ளினால் ஸ்டாண்டு தானாக மடங்கும். தினமும் நாம் வண்டி எடுப்பதே அப்படித்தான். குட்டியானை சடன் பிரேக் அடிக்கும்போது, முன்பார்த்து நிற்கும் பைக்குக்கும் அதே தள்ளு கிடைக்கிறது. சரக்கு கட்டுவதற்கான அமெரிக்க விதிகள், சரக்கின் எடையில் 80 சதவீத விசையை முன்பக்கமாகவும் 50 சதவீதத்தைப் பக்கவாட்டிலும் கட்டு தாங்க வேண்டும் என்கின்றன. புல்லட் குடும்பத்தில் இப்போது விற்கும் கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. கணக்குப் போட்டால், பிரேக்கில் 156 கிலோ, வளைவில் கிட்டத்தட்ட 100 கிலோ. சைடு ஸ்டாண்டு இன்னும் மோசம். கயிற்றை இறுக்க இறுக்க அந்த ஒற்றைக் காலில் பாரம் ஏறி, அது பொருத்தப்பட்டிருக்கும் சட்டத்தையே வளைத்துவிடலாம்.

பிறகு எதன் மேல் நிறுத்துவது? இரண்டு டயர்களின் மேல், ஸ்டாண்டுகளை மடக்கிவிட்டு. கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் வண்டியைப் பிடித்து நிறுத்தப்போவது கயிறு மட்டும் இல்லை, பைக்கின் முன் ஃபோர்க்குக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும்தான்.

கிளாசிக் 350-இன் முன் ஃபோர்க் 130 மில்லிமீட்டர் வரை அமுங்கக்கூடியது. முன் சக்கரத்தை கேபின் பக்கச் சுவரில் முட்டவிட்டு, இரண்டு பக்கமும் சரக்கு கட்டும் பெல்ட் போட்டு, ஃபோர்க் ஏறக்குறைய பாதி அமுங்கும் வரை இறுக்க வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் மேலே எழப் பார்க்கும், பெல்ட் விடாது. இந்த இழுபறி நீடிக்கும் வரை பெல்ட் விறைப்பாகவே இருக்கும். வேகத்தடையில் தூக்கிப்போட்டு ஃபோர்க் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் அமுங்கினாலும், ஸ்பிரிங் உடனே எழும்பி பெல்ட்டை மறுபடி இழுத்துக்கொள்ளும். அமுக்காமல் கட்டிய வண்டியில் அந்த இரண்டு சென்டிமீட்டரும் தொய்வாகிறது. தொய்ந்த நொடியில் கொக்கி கழன்றுவிடலாம். முழுக்க அமுக்குவதும் கூடாது. ஸ்பிரிங்குக்கு விளையாட இடமில்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராக பெல்ட்டுக்கும் கொக்கிக்கும் போகும்.

பெல்ட்டை ஹேண்டில்பார் நுனியில் மாட்டுவது தவறு. அது திரும்பும், வளையும். ஹேண்டிலுக்குக் கீழே ஃபோர்க்கின் இரு குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் கனமான கட்டை இருக்கிறது. வயர்களை நசுக்காமல் அங்கே மாட்டலாம். அங்கிருந்து பெல்ட் சாய்வாக வெளிப்பக்கம் இறங்க வேண்டும். செங்குத்தாக இறங்கினால் வண்டியை அமுக்கும், சாயாமல் தடுக்காது. 45 பாகை சாய்வில் இழுவிசையின் 70 சதவீதம் கீழேயும் 70 சதவீதம் பக்கவாட்டிலும் வேலை செய்யும். இரண்டும் கூடி நூறைத் தாண்டுகிறதே என்று பதற வேண்டாம், விசைகள் அப்படித்தான் பிரியும். சுமார் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள குட்டியானையின் நடுவில் பைக்கை நிறுத்தினால் இந்தச் சாய்வு ஏறத்தாழ தானாகவே அமைந்துவிடும். பின்பக்கம் இரண்டு பெல்ட், சக்கரம் ஆடாமல் இருக்க.

கயிறா பெல்ட்டா என்ற விவாதத்தில் நான் பெல்ட் கட்சி. கடையில் நைலான் கயிறு என்று வாங்குவது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். வழுவழுப்பானது, முடிச்சு நழுவும். 165 டிகிரி செல்சியஸ் அருகே உருகும். ஓடி நின்ற வண்டியின் சைலன்சர் அதைவிடச் சூடாக இருக்கக்கூடும். பாலியஸ்டர் பெல்ட்டின் உருகுநிலை 250-க்கும் மேல், நீட்சியும் குறைவு. எதுவானாலும் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி ஒருமுறை இறுக்கியாக வேண்டும். முடிச்சும் பின்னலும் படிந்து தளர்ந்திருக்கும்.

டேங்கை நிரப்பி ஏற்றாதீர்கள். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 13 லிட்டர் டேங்க் 20 டிகிரி சூடேறினால் கால் லிட்டர் வழிய இடம் தேடும். ரயில் பார்சலில் டேங்கைக் காலி செய்யச் சொல்வது வீண் கெடுபிடி அல்ல.

ஏற்றுவது வெறும் சாய்தளக் கணக்கு. குட்டியானையின் சரக்குத் தளம் முக்கால் மீட்டர் உயரம் என்றால், ஒன்றரை மீட்டர் பலகையில் வண்டி எடையில் பாதியைத் தள்ள வேண்டும். மூன்று மீட்டர் பலகையில் கால் பங்கு போதும். சாலையோர மேட்டில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தும் பழைய வித்தை எல்லாப் பலகையையும்விட மேல்.

இறக்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பின்னோக்கி இறங்கும் பைக்கில் முன் சக்கரம் மேட்டுப் பக்கம் இருக்கும், அதன் மேல் பாரம் குறைந்திருக்கும். முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நிற்கும், ஆனால் நின்றபடியே பலகையில் வழுக்கும். பாரம் பெரும்பாலும் பின் சக்கரத்தில். பக்கத்தில் நடப்பவரின் காலுக்குப் பின் பிரேக் எட்டாது. அதனால் இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு இறக்குங்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் கிளட்சை விட்டால் இன்ஜினே பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.