உயிருக்கு இட்ட எண்

மேசையைச் சுற்றி ஐந்தாறு இளைஞர்கள் அமர்ந்து, பல முகங்களுடைய பகடைகளை உருட்டி, “எனக்கு இன்னும் பதினொன்று இருக்கிறது”, “நான் மூன்றுக்கு வந்துவிட்டேன்” என்று பேசிக்கொள்வதை வெளிமாநில நகரங்களில் வாழும் நேயர் சிலர் தம் இல்லங்களிலேயே கேட்டிருக்கலாம். அவர்கள் எண்ணுவது யாது என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றி, 1974-ஆம் ஆண்டு வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ இவ்வகை ஆட்டங்களுக்கு மூலமாகும். ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார். ஏனையோர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூண்டு, தாம் செய்வதை வாயால் சொல்வர். வாள் பட்டதா, பட்டால் எவ்வளவு என்பதைப் பகடை தீர்க்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘ஹிட் பாயிண்ட்’ என்றொரு தொகை உண்டு. அடி விழ விழ அது குறைந்து, சுழியை எட்டினால் பாத்திரம் வீழும். மொழிபெயர்ப்பே தொழிலாகிவிட்ட நான் இதனை ‘உயிர்ப்புள்ளி’ என்று தமிழாக்கலாமென முதலில் எண்ணினேன். விதிகளைப் படித்தபின் அச்சொல் பொருந்தாதென்று கண்டேன்.

1971-இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரென் என்பவரும் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்னும் போர் விளையாட்டில் சாதாரணச் சிப்பாய் ஒரே அடியில் மடிவான். பொம்மைச் சிப்பாய் மடிந்தால் எவரும் வருந்துவதில்லை. தாமே வேடம் பூண்ட வீரன் முதல் அடியிலேயே மடிவதை எவர் பொறுப்பர்? ஆர்னெசன் இதற்குப் பரிகாரத்தைக் கடற்போரில் கண்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கவசக் கப்பல்களுக்கெனத் தாம் வகுத்திருந்த விதிகளிலிருந்தே இதனை எடுத்ததாகப் பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார். கப்பல் பல குண்டுகளைத் தாங்குவது இயல்பு. அந்த இயல்பை மனிதனுக்கு ஏற்றியதும் தொல்லை தொடங்கியது.

அனுபவம் ஏற ஏற வீரனின் புள்ளிகளும் ஏறும். பத்தடி உயரத்துக்கு ஓர் அறுமுகப் பகடை, மிகுந்து போனால் இருபது பகடை என்பது வீழ்ச்சிக்குரிய பழைய விதி. இருநூறு அடி உயரத்திலிருந்து வீழ்ந்தால் சராசரியாக 70 புள்ளிகள் போகும். எண்பது புள்ளி படைத்த வீரன் பாறையில் விழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, நடந்து போகலாம்! மனித உடல் இவ்வாறு வளருமென்று கொள்வது பொருந்தாது என 1979-ஆம் ஆண்டு நடுவர் கையேட்டில் கைகாக்ஸ் விளக்கினார். தொகையில் சிறு பங்கே உடல். மீதி, அடியை ஒதுக்கும் திறமை, அதிர்ஷ்டம், தெய்வ அருள் முதலியன என்பது அவர் வாதம்.

நல்ல வாதமே. ஆனால் காயத்தை ஆற்றும் மந்திரம் அதற்கு உடன்படவில்லை. அக்காலத்து விதிப்படி அம்மந்திரம் ஓர் எண்முகப் பகடை அளவுக்குப் புள்ளிகளை மீட்கும். எட்டே புள்ளியுடைய உழவன் சாகுந்தறுவாயிலிருந்து ஏறக்குறைய முழு நலம் பெறக்கூடும். எண்பது புள்ளி வீரனுக்கோ அதே மந்திரம் பத்தில் ஒரு பங்குகூட எட்டாமல் நின்றுவிடலாம். குறைந்தது அதிர்ஷ்டமென்றால் காய மருந்து அதனை ஏன் மீட்க வேண்டும்?

ஓய்வின் கணக்கு இதனினும் வேடிக்கை. நாளொன்றுக்கு ஒரு புள்ளி மீளும்; ஆயினும் நான்கு வாரம் இடையறாது ஓய்ந்திருந்தால் எவரும் முழு நலம் பெறுவர் என்று விதி. உடல் வலிமைக்கான சலுகையை விட்டுவிட்டால், ஒரு புள்ளியோடு படுத்த நம் வீரன் 27 நாளில் 28 புள்ளி பெற்று, இருபத்தெட்டாம் நாள் ஒரே வீச்சில் 52 புள்ளி பெறுவான். எந்தத் தணிக்கையாளரும் இப்பேரேட்டில் கையொப்பமிடார். 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு, மொத்தத் தொகையில் காற்பங்கு மீளும் என்று விகிதமாக்கிச் சீர் செய்தது. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு மந்திரத்தைப் பகடைக்கே திருப்பிவிட்டது.

ஒரே புள்ளி மீந்தவனும் முழுப்புள்ளிக்காரனைப் போலவே வாள் வீசுகிறானே என்று கேட்பாரும் உண்டு. 1977-இல் வந்த ‘டிராவலர்’ ஆட்டத்தில் காயம் நேரே வலிமையையும் தாங்கும் ஆற்றலையும் குறைக்கும். உண்மைக்கு நெருக்கந்தான். ஆயினும் காயம் வீரனைத் தளர்த்தும் ஆட்டங்களில் முதலில் அடிபட்டவன் மேலும் மேலும் தோற்பான். இரண்டாம் சுற்றிலேயே முடிவு தெரிந்துவிடும். கடைசிப் புள்ளி வரை நம்பிக்கை நீடிப்பதே எனக்கு உவப்பாகப் படுகிறது. ஆகவே என் குறிப்பேட்டில் ‘உயிர்ப்புள்ளி’யை அடித்துத் ‘தாங்குதொகை’ என்று எழுதிவைத்தேன்.

இடையே பாதியாக்கும் கணக்கும் உண்டு. ஒருவனுக்கு ஒரு கவசம் 5 புள்ளி கழிக்கிறது. அவனது இயல்பு சேதத்தைப் பாதியாக்குகிறது. 21 புள்ளி அடி விழுந்தால், முதலில் கழித்துப் பிறகு பாதியாக்கினால் சேதம் 8. முதலில் பாதியாக்கினால், பின்னத்தை விட்டு 10. அதில் 5 கழிய மீதி 5. எனவே கழித்தல் முந்தியது, பாதியாக்கல் பிந்தியது என்று 2014-ஆம் ஆண்டு விதிநூல் வரையறுத்தது. பின்னம் எப்போதும் விடப்படுவதால், ஒரு புள்ளி அடி பாதியானால் சுழியாகும். பட்டும் படாத அடி.

அனுபவமுள்ள நடுவர் பலர் ஆட்டக்காரரைப் போலக் கழித்துக்கொண்டு வருவதில்லை. அரக்கனுக்கு 68 புள்ளி என்றால், விழுந்த அடிகளை 9, 16, 30 என்று கூட்டிக்கொண்டே போய், 68 ஆனதும் வீழ்ந்தான் என்பர். நம்மூர்க் கடைக்காரர் மீதிச் சில்லறையை விலையிலிருந்து நோட்டின் மதிப்பு வரை மேல்நோக்கி எண்ணித் தருவாரல்லவா, அதே வழி. கூட்டல் விரைவானது; அன்றியும் தாளை எட்டிப் பார்க்கும் ஆட்டக்காரனுக்கு அரக்கனிடம் இன்னும் எவ்வளவு மிச்சமென்பது தெரியாது.